கொஞ்சம் முடியலை, உடனே கிளம்பி வா

அப்பா இறந்துவிட்டார் என்று ஜெயவேலிடம் யாரும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அப்படிப் பட்டென்று போட்டு உடைக்கிற வழக்கமும் இல்லை. அம்பத்தூர் மருந்துக் கம்பெனியில் தர ஆய்வுக் கூட்டம் முடிந்து பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் வெளியே வந்தபோது, காதுக்குள் இருந்த குரல் மெல்லச் செருமிக்கொண்டது. "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். உடனே கிளம்பலாம். ஒண்ணரை மணி அதிவேக ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு," என்றது. ஜெயவேலுக்குப் புரிந்துவிட்டது.

காதுக்குள் பேசியது அவனுடைய மாற்றாள். 2047-இல் மாற்றாள் இல்லாத ஃபோன் வைத்திருப்பவர்கள் கிழவர்களும் போலீஸுக்குப் பயந்து திரிபவர்களும்தான். நம்மால் எடுக்க முடியாத அழைப்பை அது எடுக்கும், நம் குரலிலேயே பேசும். நம் இருமல், நம் 'ம்', மாமனாரிடம் மட்டும் நமக்கு வரும் பணிவு எல்லாமே அதற்கு அத்துப்படி. தேவைப்பட்டால் நம் பெயரில் டிக்கெட் எடுக்கும், மாலைக்குச் சொல்லும், நாலு பேருக்குச் செய்தி சொல்லும். எதிரே இருப்பவருக்குப் பேசுவது ஆளா மாற்றாளா என்று தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே ஜனங்கள் அதை வாங்கினார்கள்.

'கொஞ்சம் முடியலை, உடனே கிளம்பி வா' என்பது மாற்றாளின் சொந்தச் சரக்கு அல்ல. தந்தி இருந்த காலத்தில் பிரிப்பதற்கு முன்பே வீடு அழுதுவிடும், மூடி மறைக்க வழியில்லை. பிறகு தெருவுக்கு ஒரு ஃபோன் வந்தது. விலாசத்தின் கீழே பக்கத்து வீட்டு எண்ணை எழுதி, அருகில் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி இந்த வாக்கியத்தைத்தான் சொன்னார். எஸ்.டி.டி. பூத் வந்தது, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு இதையே சொன்னார்கள். செல்ஃபோன் வந்து, அதில் முகமும் தெரிந்தது, அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள். கருவி மாறிக்கொண்டே வந்தது, பொய் மட்டும் மாறவில்லை. கேட்பவனும் 'என்ன ஆச்சு' என்று திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் சொல்கிறவர் உண்மையைச் சொல்ல வேண்டி வரும், அவரை அப்படி மாட்டிவிடுவது மரியாதை இல்லை.

ஜெயவேலும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவன் அப்பா வேலாயுதம் கோவில்பட்டியில் பதினெட்டு வருஷம் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர்.

அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதிலிருந்து அப்பா கோவில்பட்டி வீட்டில் தனியாக இருக்கிறார். எண்பது வயது. பட்டன் வைத்த பழைய ஃபோனைத் தவிர வேறு எதையும் கையால் தொடமாட்டார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெயவேல் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் கூப்பிட்டான். மோட்டார் ஓடவில்லை, முருங்கையில் கம்பளிப்பூச்சி, எதிர்வீட்டுக்காரன் வாசலை மறித்துக் காரை நிறுத்துகிறான். மறுநாளும் அதே மோட்டார், அதே கம்பளிப்பூச்சி. ஒருநாள் ஆடிட் நடந்துகொண்டிருந்தபோது ஏழு மணி அழைப்பை மாற்றாளிடம் விட்டான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். மாற்றாள் பாவம், எதையும் பிடுங்கவில்லை. இவன்தான் மடத்தையே தூக்கி அதன் கையில் கொடுத்தான்.

அது நடந்து மூன்று வருஷம். ஒவ்வொரு நாளும் ஏழே முக்காலுக்கு அவன் ஃபோனில் ஒரு வரி வரும்: 'தந்தை நலம். நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.' அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவான். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போவான். அப்பாவும் மகனும் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது. விழுப்புரம் தாண்டுவதற்குள் அது என்னவென்று அவனுக்கே தெரிந்துவிட்டது. நிம்மதி. அப்பாவுக்கு இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை. ஏழு மணி என்று ஒன்று இனிக் கிடையாது. அந்த நினைப்போடு திருச்சிக்கு முன்பே தூங்கியும்விட்டான். மதுரையில் விழித்தபோது, அப்பா செத்த அன்றைக்குக் குறட்டைவிட்ட மகன் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எதிர் சீட்டுக்காரரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கோவில்பட்டியில் தெருமுனைக்கு வந்ததுமே அப்பா சிரித்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 'இன்று காலை இயற்கை எய்தினார்' என்று போட்டு, கீழே கண்ணீரில் வாடும் குடும்பத்தார் வரிசையில் முதல் பெயர் இவனுடையது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது ஐம்பது பேர். நடுவில் ஃப்ரீசர் பெட்டி, பிளக் மாட்டி, காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

எல்லா எழவு வீட்டிலும் முதல் ஆளாக வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும் அத்தை மகன் பூதப்பாண்டி தோளில் துண்டோடு எதிரே வந்தார்.

"வாப்பா. மாமாவ இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து குடுக்கல. மெடிக்கல் கடைத் தங்கராசுதான் கூட இருக்கானாம். ஃபோன எடுக்க மாட்டேங்கான். நீ ஃபோன்ல அழுதது இன்னும் காதுலயே நிக்குப்பா," என்றார்.

ஜெயவேல் அழவில்லை. யாருக்கும் ஃபோன் பண்ணவும் இல்லை. மாற்றாள் செய்திருக்கும் என்று ஊகித்து, தலையை மட்டும் ஆட்டினான். அதற்குள் திருப்பூரிலிருந்து வந்திருந்த தங்கை இந்துமதி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக அவள் அவனிடம் சரியாகப் பேசுவதில்லை. அம்மா சாகக் கிடந்தபோது அவன் ஆபீஸைக் காரணம் காட்டி, எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான்.

"அம்மா விஷயத்த நீயா எடுப்பேன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே," என்றாள் அழுதுகொண்டே. "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்மான்னு சொன்னியே. அஞ்சு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அது போதும்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஜெயவேல் அவள் கையைத் தட்டிக் கொடுத்தான்.

ஆறு மணிவாக்கில் ஓர் ஆட்டோ வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது. மெடிக்கல் தங்கராசு இறங்கினார். பிறகு, வலது கையில் மாவுக்கட்டோடு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வேலாயுதம் இறங்கினார். பந்தலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"யாருய்யா தவறிப்போனது?" என்று கேட்டார்.

உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி அடியில் நிறுத்தினார்கள். அவர் பந்தல் காலில் ஒட்டியிருந்த போஸ்டர் அருகே போய்க் கண்ணைச் சுருக்கி நிதானமாகப் படித்தார். "இன்று காலைன்னு போட்டிருக்கு. காலையில எனக்கு எக்ஸ்ரேல்ல எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கா இவ்வளவு கூட்டம்?" என்றார். இந்துமதி ஓடிப்போய் அவர் மேல் விழுந்து அழுதாள். யாரோ ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள்.

ஜெயவேல் பந்தலுக்குப் பின்னால் போய், காதைப் பொத்திக்கொண்டு மாற்றாளிடம் கேட்டான்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"தங்கராசு அண்ணன் காலைல பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்," என்றது அவன் குரல். "'அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை தம்பி, ஆஸ்பத்திரியில இருக்கோம், உடனே கிளம்பி வாங்க'ன்னு சொன்னார். நீங்க கூட்டத்துல இருந்தீங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க."

"அதுக்கு?"

"லட்சக்கணக்கான அழைப்பைக் கேட்டுத்தான் நான் பேசப் படிச்சேன். இதே வார்த்தையை இதே மாதிரி சொன்ன இடத்துல, நூத்துக்குத் தொண்ணூத்தாறு தடவை ஆள் போயிருக்கார். திருப்பிக் கேக்கக் கூடாதுங்கிறதையும் அங்கதான் கத்துக்கிட்டேன்."

"எங்கிட்டயாவது நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"நேராச் சொல்ற வழக்கம் இல்லையே. சொந்தக்காரங்க யாருகிட்டயும் நான் இறந்துட்டார்னு சொல்லலை. கொஞ்சம் முடியலை, கிளம்பி வாங்கன்னுதான் சொன்னேன். அவங்க அழுதாங்க. அவங்க அழவும் எனக்கும் உறுதியாயிடுச்சு. அப்புறம்தான் போஸ்டருக்குச் சொன்னேன். தப்பு என்னோடதுதான், மன்னிச்சிருங்க."

தன் குரல் இவ்வளவு எளிதாக மன்னிப்புக் கேட்கும் என்பது ஜெயவேலுக்குத் தெரியாது. அவன் வாயிலிருந்து அது ஒருநாளும் அப்படி வந்ததில்லை. மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றாமல் திரும்பினான். பந்தலில் எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதானப்பா ஃபோன் பண்ணுன?" என்றார் பூதப்பாண்டி. அவர் குரலில் இப்போது அத்தான் உறவு இல்லை.

"நான் பேசல அத்தான். மாத்தாள் பேசிருச்சு. எனக்கே தெரியாது."

"அழுதியேய்யா."

"அதுவும் அதுதான்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். பெற்ற தகப்பன் சாவைக்கூட ஆள் வைத்துச் சொல்கிறான் என்று யாரோ முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. ஜெயவேல் தரையைப் பார்த்தான். தரையில் அவனுக்காக எந்தப் பள்ளமும் திறக்கவில்லை.

இந்துமதி அப்பாவின் கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்டப் பேசினது?" என்றாள்.

அவன் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அம்மா விஷயத்தச் சொன்னதும் அதுதானாண்ணே?"

"இந்து..."

"அதுக்காவது தோணிச்சே," என்றாள் அவள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. அப்பாவுக்குக் காப்பி வைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். அவள் நாலு பேருக்கு முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பூதப்பாண்டி விடவில்லை. காலையிலிருந்து பட்டினியாக ஓடியவர், வீண் ஓட்டத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். "மாமா, ஒங்க மகன் தெனம் ஏழு மணிக்குப் பேசுறான்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுவீகளே. அதுவும் மிஷின்தானோ என்னவோ, கேட்டுக்கிடுங்க," என்றார்.

வேலாயுதம் பூதப்பாண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய்யா, பதினெட்டு வருஷம் பூத் நடத்துனவன்கிட்டயா இதச் சொல்லுத? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுறவன் மொகத்தப் பார்த்தே, எதிர்ல கேக்கறவன் காது குடுத்துக் கேக்கானா இல்லையான்னு சொல்லிருவேன். என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாததையெல்லாம் நான் அவன்கிட்டச் சொல்லிட்டு வாரேன். அவசரப்படமாட்டான். அப்புறம் என்ன ஆச்சுப்பான்னு கேப்பான். முந்தாநாள் சொன்னத இன்னைக்கு ஞாபகம் வெச்சிக் கேப்பான். இன்னைக்கு ஏதோ மிஷின் கோளாறு ஆயிருச்சு, அதுக்காவ அவனைப் போயி... ஏழு மணிக்குப் பேசுறவன் என் மகன்."

சொல்லிவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். "என்னலே?" என்றார்.

ஐம்பது பேரும் பார்த்தார்கள். சமையலறை வாசலில் டம்ளரோடு இந்துமதி நின்றாள்.

"நான்தாம்பா," என்றான் ஜெயவேல்.

இந்துமதி மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அவன் நான்கு நாள் கோவில்பட்டியில் இருந்தான். தெருத்தெருவாகப் போய்ப் போஸ்டர்களைக் கையாலேயே கிழித்தான். அப்பாவுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தான், சட்டைப் பித்தான் போட்டுவிட்டான். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்வான். அப்பா எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டுவார், இவன் மாவுக்கட்டைப் பார்ப்பான், "வலிக்குதாப்பா?" என்பான். "இல்ல" என்பார். அவ்வளவுதான். அந்த நாலு நாளும் சாயங்காலம் ஏழு மணி ஆனதும் அப்பா தன் பட்டன் ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மகன்தான் வீட்டிலேயே இருக்கிறானே என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது போலிருந்தது.

திரும்பிப் போகும் ரயிலில் ஜெயவேல் மாற்றாளை அடியோடு அழித்தான். "அழித்தால் இதுவரை நான் கேட்டதும் பேசியதும் சேர்ந்து அழிந்துவிடும். சம்மதமா?" என்று அவன் குரலே கேட்டது. சம்மதம் என்றான். இனிமேல் ஒரு நாள் விடாமல் தானே பேசுவது, எவ்வளவு மோட்டார், எவ்வளவு கம்பளிப்பூச்சி வந்தாலும் கேட்பது என்று தீர்மானித்தான். அழித்து முடித்ததும் தலைமுழுகி எழுந்ததுபோல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சரியாக ஏழு மணிக்கு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சொந்த வாயால் கூப்பிட்டான்.

"சொல்லுப்பா," என்றார் வேலாயுதம். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. நேரில் அந்த நாலு நாளில் அப்படி ஒரு குரலை அவன் கேட்கவில்லை. "போய்ச் சேந்துட்டியா? கை பரவாயில்ல. நேர்ல ஒன்னும் பேச முடியல பாத்தியா. அந்த விஷயத்த யோசிச்சியா?"

"எந்த விஷயம்பா?"

"அதான்லே, ஸ்டெல்லா அம்மா விஷயம்."

ஜெயவேல் வேகமாக நினைவைத் துழாவினான். ஸ்டெல்லா என்று யாரையும் அவனுக்குத் தெரியாது. "ஆமாப்பா... அவங்களுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்றான்.

"அவங்க உடம்புக்கு என்ன? பூத்துல அவங்களுக்கு வந்த ஃபோனக் குடுக்காம நான் வெச்சேனே. எட்டு நாளாச் சொல்லிக்கிட்டு வந்தேன். இத்தன வருஷம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போயி ஒத்துக்கிடவா, இல்ல அப்படியே கொண்டுபோயிரவான்னு ஒங்கிட்டக் கேட்டேன். ஒரு நாள் குடுங்கப்பா, யோசிச்சுச் சொல்றேன்ன. அடுத்த நாள்தான் நான் வழுக்கி விழுந்தேன்."

எதற்காக வைத்தார், யார் கூப்பிட்டிருந்தது, அதனால் அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று? எட்டு நாள் கதையும் நேற்று ரயிலில் அவன் சம்மதத்தோடு போய்விட்டது. ஃபோனில் மிச்சமிருந்த பழைய வரிகளை அவசரமாகத் தள்ளிப் பார்த்தான். அந்த எட்டு நாளுக்கும் ஒரே வரிதான் இருந்தது: தந்தை நலம். நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

"போய்... அதாவது, இப்ப போகணுமாப்பா? வயசாயிடுச்சு. விடுங்க, பழசெல்லாம் எதுக்கு?" என்றான்.

அப்பாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. காது கொடுத்துக் கேட்கிறார் என்று ஜெயவேலுக்குப் புரிந்தது.

"தம்பி," என்றார் வேலாயுதம். குரல் மாறியிருந்தது. கடைக்கு வரும் அந்நியரிடம் பேசுகிற மரியாதைக் குரல். "நீங்க மாத்தாள்தானே?"

"அப்பா, நான்தாம்பா. ஜெயவேல்."

"நீங்களும் அப்படித்தான் சொல்வீங்களாம். பந்தல்ல பேசிக்கிட்டாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "உங்க மேல தப்பு இல்ல தம்பி. அவனுக்கு நாலு நாள் வேல சேந்துபோயிருக்கும், உங்கள விட்டுட்டுப் போயிருப்பான். ஆனா இது அவன்கிட்டப் பேச வேண்டிய விஷயம். அவனுக்குத்தான் முழுசாத் தெரியும்."

நான்தான் என்று மறுபடி சொல்ல ஜெயவேல் வாயைத் திறந்தான். சொன்னால், அந்த எட்டு நாளும் கேட்டது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"வேல முடிஞ்சு எந்நேரம் ஆனாலும் பரவாயில்ல, என் மகனக் கூப்பிடச் சொல்லுங்க. முழிச்சுத்தான் இருப்பேன்."

"சரிங்கய்யா," என்றான் ஜெயவேல். "சொல்லிடறேன்."